ஆசிரியர் இன்னும் சாகவில்லை

போன மாதம் கைக்கு வந்த ஒரு சிற்றிதழில் இசைக்கல்வி பற்றி எட்டுப் பக்கக் கட்டுரை. மாணவன் கேட்பதுதான் பாடத்திட்டம், ஸ்கேலும் நொட்டேஷனும் சாதகமும் அதிகாரத்தின் கருவிகள் என்பது சாரம். வங்கிமுறைக் கல்வி, பின்காலனியம், அமைப்பியல் என வழக்கமான சாட்சிகள் வரிசையாகக் கூண்டேறி இறங்குகிறார்கள். கடைசியில் தீர்ப்பு: ஆசிரியர் இறந்துவிட்டார்.

இந்த வாக்கியம் தமிழுக்கு வந்தபோதே ஒரு விபரீதம் நடந்தது. பிரெஞ்சில் செத்தவர் நூலை எழுதியவர் மட்டும்தான். தமிழில் எழுதுகிறவர், பாடம் நடத்துகிறவர், பத்திரிகை நடத்துகிறவர் மூவரும் ஒரே சொல்லில் ஒண்டுக்குடித்தனம் இருப்பதால் ஒரே நாளில் மூன்று சாவு. மூன்றையும் அரைகுறையாகச் செய்துவருகிற நான், பாடையிலிருந்து எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இதழின் அச்சுக்கூலியில் பாதி கிதார் வகுப்பிலிருந்து வருவது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுப் பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகிறேன். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். உப்புக்காற்றில் ஸ்டீல் கம்பி சீக்கிரமே கறுத்துத் துருவேறி, விரலில் இரும்பு வாடை ஒட்டிவிடும். நைலானுக்கு மாறினேன். பார்க்கிறவர்கள் செவ்வியல் பற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.

அங்கே ஒரு பையன், பத்தாம் வகுப்பு. நகரத்துப் பிள்ளைகள் முதல் வாரம் விரல்நுனியை ஊதிக்கொண்டே இருப்பார்கள். இவனுக்கு நரம்பு வலை இழுத்து விரல் முன்பே காய்த்திருந்தது. முதல் நாளே கேட்டுவிட்டான்: "சார், இளைய நிலா சொல்லிக் குடுங்க சார்." 1982இல் வந்த பாட்டு. நான் திறந்த கம்பிகளில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம் என்று வலக்கையை மட்டும் ஓடவிட்டேன். மூன்றாவது ஞாயிறு பொறுமை போய்விட்டது. "இது பாட்டே இல்லையே சார்." நியாயம்தான்.

அடுத்த வாரம் கைபேசியில் வீடியோ பார்த்துத் தானே கற்றுக்கொண்டு வந்து வாசித்தான். ஒரு சுரம் தப்பவில்லை. தாளம்தான் இல்லை. கை வராத இடத்தில் நின்றான், வந்த இடத்தில் ஓடினான். வாசலில் வலைக்கண்ணி சரிசெய்துகொண்டிருந்த அவன் தாத்தா நிமிராமலே சொன்னார்: "இப்புடி இழுத்தா வல கரைக்கு வராதுடா." அம்பாப் பாட்டு பாடிக் கரைவலை இழுத்த தலைமுறை. (கிராமத்துப் பெரியவர் ஞானம் சொல்லும் கட்டுரைகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. என்ன செய்வது, அவர் சொல்லிவிட்டார்.)

பையன் முகம் சுருங்கிவிட்டது. அவனைத் தேற்றுவதற்காக என் பழைய பைத்தியம் ஒன்றை எடுத்தேன். ஃபெர்னாண்டோ சோர், 1778இல் பார்சிலோனாவில் பிறந்து 1839இல் பாரீசில் செத்துப்போன மனிதர். அவருடைய 35ஆம் தொகுப்பின் 22ஆம் பயிற்சி, பி மைனர். கிதார்க்காரர்கள் அதை 'நிலவொளி' என்று செல்லமாகச் சொல்வார்கள். பேருக்குத்தான் பயிற்சி. உடைத்து உடைத்து ஓடும் சுரங்களுக்கு மேலே ஒரு பாட்டு ஒளிந்து ஒளிந்து வரும். இருபது வயதில், மழைக்கால இரவுகளில், இதை வாசித்தே நான் இரண்டு வேலைகளைக் கோட்டை விட்டேன். அதை வேறொரு சமயம் எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் பையன் கேட்டான்: "இது எந்தப் படம் சார்?"

அந்தக் கேள்விக்கு முன்னால் எட்டுப் பக்கம் நிற்குமா? அவனுக்குப் பயிற்சி வேறு, பாட்டு வேறு இல்லை. கேட்க நன்றாக இருந்தால் படம், இல்லாவிட்டால் பாடம். அவன் ஆசைப்பட்ட நிலாவுக்குள்ளேயே சோரின் நிலா கிடக்கிறது. இரண்டிலும் வேலை வலக்கைக்குத்தான். அதைத் தோண்டி எடுத்துக் கையில் வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் கொன்றுவிட்டார்கள்.

இளைய நிலாவுக்கு இசையமைத்தவர் எங்கே கற்றார்? மயிலாப்பூர் சாய் லாட்ஜில், தன்ராஜ் மாஸ்டரின் அறையில். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிதார் தேர்வையும் எழுதியவர் அந்த இசையமைப்பாளர். அதிகாரத்தின் கருவி என்று அவர் நொட்டேஷனை வீசியிருந்தால் இவன் கேட்பதற்கு இந்தப் பாட்டே இருந்திருக்காது.

காலனியத்தின் மிச்சம் என்ற வாதத்தைப் பழவேற்காட்டில் வந்து சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய ஊர் இது. இங்கிருந்து கப்பலேறிய துணி மலாய் நாட்டில் 'கைன் பெலிகாட்' ஆகிவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு தொழுகைக்குப் போகிறவரிடம் உன் கைலி அந்நியம் என்று சொல்லிப் பார்க்கலாம். மீஞ்சூருக்கும் தெற்கே, மணலி முதலியார்களின் ஆதரவில் பாலுசாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

எதிர்த்தரப்பும் யோக்கியமில்லை. கிரேடு தேர்வுக்கு மூன்று உருப்படி, அந்த மூன்றோடு ஒரு வருடம் என்று பிள்ளைகளை ஓட்டுகிறவர்களை அறிவேன். சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். பிறந்தநாள் வீட்டில் யாராவது பாட, கூட வாசி என்றால் பிள்ளை நோட்டைத் தேடும். ஆசையைக் கொன்றுவிட்டுத் தேர்ச்சி வாங்கித் தருகிற இவர்களும், தேர்ச்சியைக் கொன்றுவிட்டு ஆசைக்கு விசிறுகிற அவர்களும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். காது கொடுத்துக் கேட்கிற சிரமம் இருவருக்குமே கிடையாது.

கிதாரோடு நிற்கிற வியாதியா இது? எங்களுக்கு வரும் கவிதைக் கட்டுகளைப் பிரித்தால் தெரியும். ஒருவர் பதினோரு கவிதைகளுடன், யாப்பு என் சுதந்திரத்துக்கு எதிரானது என்று கடிதமும் வைத்திருந்தார். கடிதத்தில் ஓர் இடத்தில் அவரை அறியாமல் நல்ல ஆசிரியப்பா ஓசை விழுந்திருந்தது. அந்த ஒரு வரியைக் கோடிட்டுத் திருப்பி அனுப்பினேன். கோபித்துக்கொண்டார். சந்தாவையும் நிறுத்திவிட்டார். ஆசிரியப்பாவில் இருக்கிற ஆசிரியர் எந்த ஆசிரியர் என்று அந்த எட்டுப் பக்கக்காரர் சொன்னால் நன்றாயிருக்கும்.

இதழ் ஏழு வாரம் தாமதம். பையன் சோரின் முதல் எட்டு அளவுகள் வரை வந்துவிட்டான், காலால் மணலில் தட்டிக்கொண்டே வாசிக்கிறான். எஃப் கார்டு இன்னும் இரைகிறது. அடுத்த இதழுக்குப் படைப்பு அனுப்புகிறவர்கள் திருப்பியனுப்பத் தபால்தலை வைக்கவும்.