மரை கழண்டவர்கள்

“கால் அங்குலம்னா கால் அங்குலம்தானே?”

சென்ற நவம்பரில் நான் சொன்ன இந்த வாக்கியத்துக்காக இன்னும் வெட்கப்படுகிறேன். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் இருந்துதான் வருகிறது. ஆனால் அடி எனக்கு மட்டும் விழாது. என் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் கொஞ்சம் விழும்.

நான் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில். பக்கத்து வீட்டில் எழுபத்தைந்தைத் தாண்டிய ஒரு பெரியவர். இரண்டாம் உலகப்போர் முடிந்து 1945-ல் அவருடைய அப்பா ஜெர்மனியில் இருந்து திரும்பியபோது ஒரு மௌசர் ரைபிளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். அப்படிக் கொண்டுவந்த சிப்பாய்கள் ஏராளம். அதை வைத்து அப்பா மான் வேட்டைக்குப் போனார், பிறகு மகன் போனார். இந்த வருஷம் பேத்தியின் முறை. சுத்தம் செய்யலாமென்று கழற்றப் பார்த்தால், முன்பக்கத் திருகின் தலை சிதைந்திருக்கிறது. யாரோ எப்போதோ வீட்டுத் திருப்புளியை வைத்து நெம்பியிருக்கிறார்கள். துப்பாக்கித் திருகின் வெட்டு குறுகலானது, பக்கங்கள் நேரானவை. வீட்டுத் திருப்புளியின் நுனியோ ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். அழுத்தித் திருகினால் வழுக்கி மேலே ஏறி வெட்டின் உதட்டைக் கிழித்துவிடும். அரைநாள் போராடித் திருகை வெளியே எடுத்தார். மறுபடி போட முடியாத நிலையில்தான் அது வந்தது.

“நீ எஞ்சினியர்தானே, இதைப் பாரேன்” என்றார்.

துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு அதன் மேல் காதல் கிடையாது. இந்த நாட்டில் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற எந்தத் தகப்பனுக்கும் அது இருக்க வாய்ப்பில்லை. ‘துப்பாக்கிக்கு எதுக்குய்யா இவ்வளவு அக்கறை’ என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. நான் பேசப்போவது திருகைப் பற்றி. தையல் மெஷினாக இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

போல்ட் ஆக்‌ஷன் என்பதில் வரும் போல்ட், நட்டு போல்ட் அல்ல. கதவுத் தாழ்ப்பாள். முன்னே தள்ளி, கீழே திருப்பினால் தோட்டாவுக்குப் பின்னால் பூட்டிக்கொள்ளும். அந்தத் தாழ்ப்பாள் ஓடுகிற எஃகுக் கூடுதான் ரிசீவர். ரிசீவரையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிப்பவை கீழிருந்து ஏறும் ஆக்‌ஷன் திருகுகள். மௌசரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பிடி தளர்ந்தால் ஒவ்வொரு சுடுதலின் உதைப்பிலும் ரிசீவர் கட்டைக்குள் நகரும். குறி தப்பும், நாளடைவில் கட்டை பிளக்கும். முன்திருகு தேவைக்கு மேல் நீண்டிருந்தால் அதன் நுனி தாழ்ப்பாளின் பாதையில் இடிக்கும். விரல் நீளத் திருகுக்கு இவ்வளவு வேலை.

விட்டத்தை அளந்தேன். 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். கடைக்குப் போய் ஒரு கால் அங்குலத் திருகு வாங்கி வந்து, மேலே சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடி உள்ளே விட்டேன். இரண்டரைச் சுற்று அழகாக ஏறியது, பிறகு இறுகியது. துருவாக இருக்கும் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். வெளியே எடுத்துப் பார்த்தால் கடைத்திருகின் மரை நசுங்கியிருந்தது. ரிசீவரின் எஃகு கடினமானது என்பதால் அது தப்பியது. என் புத்திசாலித்தனத்துக்கு அதில் பங்கில்லை.

விஷயம் இதுதான். விட்டம் ஒன்றாக இருந்தால் போதாது, அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதும் ஒத்துப்போகவேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற கால் அங்குலத் திருகில் 20 மரை. மௌசரில் 22. அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்ப்ரிங்ஃபீல்டில் 25. 1936-ல் வந்த வின்செஸ்டர் 70-ல் 32. 1962-ல் வந்த ரெமிங்டன் 700-ல் 28. எல்லாமே கால் அங்குலம்தான். ஒன்றின் திருகு இன்னொன்றில் ஏறாது.

வேடிக்கையைப் பாருங்கள். 1872-லேயே மெட்ரிக் அளவைச் சட்டமாக்கிய நாடு ஜெர்மனி. அங்கே பிறந்த மௌசரில் மரைக் கணக்கு மட்டும் அங்குலத்தில். குழலை ரிசீவரோடு பொருத்தும் மரையும் அங்குலத்துக்கு 12, அதுவும் ஆங்கிலேயரான ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த 55 பாகைக் கோணத்தில். அமெரிக்கா, மௌசரின் காப்புரிமையைப் பயன்படுத்தியதற்காக 2 லட்சம் டாலர் உரிமைத்தொகை கொடுத்து ஸ்ப்ரிங்ஃபீல்டைச் செய்தது. வடிவமைப்பை வாங்கியவர்கள் மரையை மட்டும் 25 ஆக்கிக்கொண்டார்கள். இதில் ஒரு பொறியும் உண்டு. மெட்ரிக் ஆறு மில்லிமீட்டர் திருகின் மரையைக் கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 25.4 வரும். அதை ஸ்ப்ரிங்ஃபீல்டில் விட்டால் சமர்த்தாக ஏறும், இறுகியது போலவும் இருக்கும். விட்டம் குறைவு என்பதால் பாதிப் பிடிதான் இருக்கும். ஏறாத திருகாவது நேர்மையானது. இது நம்பவைத்துக் கழுத்தறுக்கும்.

அடுத்து ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். அங்கே இருந்த பையனுக்கு என் வயதுதான். பார்த்தவுடன் சொன்னான்: “இந்தத் திருகெல்லாம் இப்ப வராது. ஓட்டையைப் பெருசாக்கி ஸ்டாண்டர்ட் மரை போட்டுடலாம். இருபது நிமிஷ வேலை.”

நான் எதிர்க்க நினைப்பது இந்த வாக்கியத்தைத்தான்.

ஓட்டையைப் பெரிதாக்கினால் அதோடு நிற்காது. திருகு நுழையும் கீழ்த்தகட்டையும் பெரிதாக்கவேண்டும். மரக்கட்டையின் துளையையும் குடையவேண்டும். மௌசரில் பெரிய திருகு தானாகக் கழலாமல் இருக்க, பக்கத்தில் ஒரு குட்டித் திருகு காவலுக்கு நிற்கும். பெரிதான தலை அதன் இடத்தைத் தின்றுவிடும். ஒரு மலிவான உதிரிப்பாகத்துக்காக, திரும்பச் செய்ய முடியாத நான்கு பாகங்களை வெட்டுகிறோம். அதற்குப் பெயர் ரிப்பேர்! அதோடு, “வராது” என்று அவன் சொன்னதன் அர்த்தம் “எனக்குத் தெரியாது” என்பது. மௌசர் திருகு உலகத்தில் இல்லாத பொருள் அல்ல, பழைய சரக்கு விற்பவர்களிடம் இருக்கிறது. கேட்பவனுக்கு 22 என்ற எண் தெரிந்திருக்கவேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பையனைத் திட்ட எனக்கு முழுத் தகுதி உண்டு, ஏனென்றால் அவன்தான் நான். என் முந்தைய வேலையில் பழைய பில்லிங் நிரல் ஒன்றைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதினோம். அதில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது. மாதக் கடைசி நாள் ஞாயிறாக இருந்தால் கெடுவில் ஒரு நாள் கூட்டிக்கொள்ளச் சொன்னது. எழுதியவர் யார், ஏன் எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. ‘லெகஸி குப்பை’ என்று சிரித்தபடி அழித்தது என் கை. அடுத்து ஞாயிற்றில் முடிந்த மாதம் வந்தபோது, ஒழுங்காகப் பணம் கட்டியவர்களுக்கெல்லாம் தாமதக் கட்டணம் விழுந்தது. நமக்குப் புரியாததை எல்லாம் லெகஸி என்கிறோம். புரிந்துகொள்ள ஒரு மதியம் செலவழிக்க மாட்டோம், இடித்துக் கட்ட ஆறு மாதம் செலவழிப்போம். அதற்குப் பதவி உயர்வும் வாங்குவோம்.

‘அப்படியானால் தரப்படுத்துதலே தப்பா?’ என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் இதே மாநிலத்தின் பிலடெல்பியாவில் 60 பாகை மரையை முன்வைத்தார். பிரிட்டனின் 55-ம் அமெரிக்காவின் 60-ம் பொருந்தாமல் இரண்டு உலகப்போர்களில் பட்ட பாட்டுக்குப் பிறகுதான், 1948 நவம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்குக் கையெழுத்திட்டன. நல்ல காரியம். ரெமிங்டனின் 28 அந்தத் தரத்தில் இருப்பதால் அதன் உரிமையாளருக்குக் கவலை இல்லை. நாளை செய்யப்போவதற்குத் தரம் வேண்டும். நேற்றே செய்யப்பட்டதை அறுத்துத் தரத்துக்குள் திணிப்பது வேறு விஷயம்.

கடைசியில் பெரியவருக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற லேத்காரர் ஒருவரிடம் போனோம். முதலில் பழைய சரக்கு ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போனோம், மரை சரியாக இருந்தது, தலை எங்களுடையதைவிட மோசம். அவர் சிரித்துவிட்டு இரண்டையும் மேஜையில் வைத்தார். மரை அளக்கும் பல் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, வெளிச்சம் புகாமல் உட்கார்ந்த தகட்டை எடுத்துக் காட்டினார்: 22. லேத்தின் கியரை அதற்கு மாற்றினார். கம்பியைக் கடைந்து, ஒற்றை முனை உளியால் மயிரிழை மயிரிழையாக மரை எடுத்தார். நீளத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக விட்டார். திருகைப் போட்டு, தாழ்ப்பாளை ஓட்டி, இடித்தவுடன் கழற்றி, நுனியை அரத்தால் இழைத்து, மறுபடி போட்டு... ஐந்தாவது தடவை தாழ்ப்பாள் தடையில்லாமல் ஓடியது. பிறகு சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கறுப்பேற்றினார். ஒரு சனிக்கிழமை மதியம் போயிற்று. ரிசீவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

“ஓட்டை பழசு, அது சொல்றதைத்தான் நாம கேக்கணும்” என்றார் கையைத் துடைத்தபடி.

ஒரு திருகுக்கு ஒரு மதியமா, மரை கழண்ட கேஸ் என்று நம்மூரில் சொல்வார்கள். சொல்லட்டும். உண்மையில் மரை கழண்டு கிடப்பது, ஒரு எண்ணைத் தேடச் சோம்பல்பட்டு எண்பது வருஷ எஃகில் துரப்பணத்தை வைக்கிறவனுக்குத்தான். பொருளைச் செய்கிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. விட்டம், மரை, கோணம், நீளம் என்று நான்கு எண்கள் எந்தக் கம்பெனியின் ரகசியமும் ஆகாது. பொருளை விற்கும்போது அதன் அளவுகளையும் சேர்த்துத்தான் கொடுக்கவேண்டும். பொருளைச் செய்வதை நிறுத்தினாலும் அந்தத் தாள் கிடைத்தபடி இருக்கவேண்டும்.

வீடு திரும்பியதும் ஒரு அட்டையில் எழுதினேன்: ‘முன்திருகு. 1/4 அங்குலம். மரை 22. கடையில் கிடைக்கும் 20 ஏறாது, அழுத்தாதே.’ பெரியவர் வாங்கிப் படித்துவிட்டு, கடைசி வார்த்தையின் கீழ் ஒரு கோடு போட்டு, ரைபிள் பெட்டிக்குள் வைத்து மூடினார். பேத்திக்கு.