பேத்தமங்கலா ஏரிக்குக் காவல் வேண்டாமா?

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. அச்சுரங்கங்களுக்கும் தொழிலாளர் லைன்களுக்கும் குழாய் வழியே தண்ணீர் அனுப்பிவந்த பேத்தமங்கலா ஏரி, பாலாற்றின் குறுக்கே இன்றும் இருக்கிறது. அதனைக் காக்கச் சட்டத்தில் இடமுண்டா என்று பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், குடிநீருக்காகவோ பாசனத்துக்காகவோ மனிதர் கட்டிய நீர்நிலைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோலார் மாவட்டத்திலோ வற்றாத ஆறே கிடையாது. இருப்பவை கட்டிய ஏரிகள்தான். இந்த இலக்கணப்படி மாவட்டத்தில் ஈரநிலமே இல்லை என்றாகிவிடும்!

ஏரியைக் கட்டியவர் யார் என்று கேட்டுக்கொண்டா சம்பும் கோரையும் முளைக்கின்றன? நீர் வந்து சேரும் ஆழமில்லாத பகுதியில் அவை அடர்ந்து நின்று, வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படிய வைக்கின்றன. சற்று ஆழத்தில் அல்லியும் கொட்டியும். நீர் வடிந்த ஈரத்தில் பொன்னாங்கண்ணியும் ஆரையும். ஏழை வீட்டுச் சட்டிக்கும் அவை உதவும். சாக்கடை கலந்தாலோ ஆகாயத்தாமரை மேலே மூடிக்கொள்கிறது. அடியில் வெயில் புகாது, மீன் பிழைக்காது.

விஜயநகர மாவட்டத்து அங்கசமுத்திர ஏரியும் மனிதர் வெட்டிய பாசன ஏரியே. பறவைகளுக்காக அதனைக் காப்பகமாக அறிவித்தார்கள்; 2024-இல் ராம்சார் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஏரி எல்லையையும் வரத்துக் கால்வாய்களையும் அளந்து கல் நட்டு, சாக்கடையைத் தடுப்பதிலிருந்து மாநில அரசு தொடங்கலாம். தூர் வாருகிறோம் என்று கோரைப் பகுதி முழுவதையும் வழித்தெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.