இரத்த அறிக்கை மட்டும் போதாது
“சி.ஆர்.பி. இயல்பாக உள்ளது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?” நாட்பட்ட குடல் அழற்சி நோயுடையோர் பலர் கேட்கும் கேள்வி இது. அந்த ஓர் எண்ணை நம்பி நிறுத்தக் கூடாது என்பதே என் கருத்து.

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம். உடலில் எங்கு அழற்சி நேர்ந்தாலும், நுரையீரல் தொற்றிலும்கூட, அது உயரும். மாறாக, பெருங்குடலில் புண் ஆறாதபோதும், குறிப்பாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நோயில், அது இயல்பாகவே இருக்கக்கூடும். மலத்தில் காணப்படும் கால்புரோடெக்டின் அளவு குடலின் நிலையை இன்னும் நெருக்கமாகக் காட்டும். ஐயம் நீங்காவிடில் கொலோனோஸ்கோபி தேவைப்படும்.

எந்த ஒற்றை இரத்தப் பரிசோதனையும் இந்நோயைத் தனித்து உறுதிசெய்வதில்லை. அது மீண்டும் எப்போது தீவிரமடையும் என்று திட்டமாகக் கூறுவதுமில்லை. ஆகவே, நாளொன்றுக்கு எத்தனை முறை மலம் கழிகிறது, இரத்தம் கலந்துள்ளதா, எடை குறைந்துள்ளதா என்பவற்றையும் குறித்துக் கொண்டுவாருங்கள். அனைத்தையும் சேர்த்துப் பார்த்தே மருந்தைத் தொடர்வதா, குறைப்பதா என்று முடிவு செய்ய இயலும்.