பெட்டிக்கடை பேட்டரியும் பாவப்பட்ட கேமராவும்

"மச்சி, ஏஏ பேட்டரி போடுற கேமராவா வாங்கு. எந்த ஊர் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்."

பழைய டிஜிட்டல் கேமராக்கள் மறுபடி ஃபேஷன் ஆனதிலிருந்து நம்ம வகுப்பில் இந்த அறிவுரை வேதவாக்கு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதிதான் உண்மை. கிடைக்கும், சரி. வேலை செய்யுமா?

கொடைக்கானல் டூரில் பார்த்தோமே. நண்பன் ஒருவன் (பெயர் வேண்டாம், அடிக்க வருவான்) கேனான் பவர்ஷாட் கொண்டு வந்திருந்தான். வழியில் ஒரு கடையில் புத்தம்புது பேட்டரி இரண்டு வாங்கிப் போட்டான். லென்ஸ் வெளியே வந்தது, ஃபிளாஷ் சார்ஜ் ஆக ஆரம்பித்தது, "பேட்டரியை மாற்று" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. உடனே "ஓட்டைக் கேமரா" என்று ஊரே தீர்ப்பு சொல்லிவிட்டது. கேமரா என்னய்யா பண்ணும்?

அந்த பேட்டரியின் மேல் "ஹெவி டியூட்டி" என்று போட்டிருக்கும். இதைவிடப் பெரிய பொய்யை நான் எந்த அட்டையிலும் படித்ததில்லை. அது ஜிங்க்-கார்பன் வகை. சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் அருமையானது, ஏனென்றால் அவை கேட்பது துளி மின்சாரம். கேமராவோ ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போது ஒரு ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சும். அப்போது உள்மின்தடை அதிகமுள்ள இந்த பேட்டரியின் வோல்டேஜ் சடாரென்று விழும். கண்டுபிடிப்பது சுலபம்: மேலே ஆர்6 என்றிருந்தால் ஜிங்க்-கார்பன், எல்ஆர்6 என்றால் அல்கலைன், எச்ஆர்6 என்றால் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு.

அல்கலைன் பரவாயில்லை ரகம். ஆனால் அதன் முழு சக்தியும் மெதுவாக எடுத்தால்தான் வரும். கேமரா மாதிரி வேகமாக உறிஞ்சினால் பாதிகூடத் தேறாது. குளிரில் இன்னும் மோசம். மலைக்குப் போகிறவர்கள்தான் இதைப் பை நிறைய வாங்கிப் போகிறார்கள்!

என் கட்சி எச்ஆர்6 கட்சி. "அது 1.2 வோல்ட்தானே, 1.5 இல்லையே" என்று ஒரு அறிவாளி கட்டாயம் கேட்பார். அல்கலைன் 1.5-இல் ஆரம்பித்து, கேமரா இழுக்க இழுக்க 1.2-க்குக் கீழே சறுக்கும். இதுவோ கடைசி வரை கிட்டத்தட்ட 1.2-லேயே நிற்கும். "சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்கிடுமே" என்பது பழைய கதை. 2005-இல் சான்யோ எனெலூப் கொண்டுவந்தபோதே, ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் 85% மிஞ்சும் என்றார்கள். இப்போது பல கம்பெனிகளிடம் அந்த வகை இருக்கிறது.

வாங்கும்போது பெரிய நம்பரைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த சைஸில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 2800 எம்ஏஎச் தாண்டுவதே கஷ்டம். 4000 என்று அச்சடித்திருந்தால் அது பேட்டரி இல்லை, ஜோக். அதைவிட ஆபத்து 14500 என்ற லித்தியம் அயன் பேட்டரி. பார்க்க ஏஏ மாதிரியே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். இரண்டைப் போட்டால் கேமராவுக்குக் கருமாதிதான்.

லடாக் பக்கம் போகிறவர்கள் அவசரத்துக்கு ரீசார்ஜ் ஆகாத 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். விலை அதிகம், ஆனால் எடை குறைவு, உறைபனியிலும் ஓடும். விமானத்தில் போவதானால் உதிரி லித்தியம் பேட்டரி எதுவானாலும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், அதுவும் முனைகள் ஒன்றோடொன்று உரசாமல்.

"நாலு ரீசார்ஜ் பேட்டரியும் சார்ஜரும் வாங்கற காசுக்கு..." என்று இழுப்பவர்களே, ஒரு டூருக்கு எத்தனை ஜோடி பேட்டரி வாங்கி, எத்தனை ஜோடியை மலையிலேயே வீசிவிட்டு வந்தோம்? எச்ஆர்6 நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஆகும். சார்ஜர் மட்டும் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகக் கவனித்துத் தானாக நிறுத்துவதாகப் பார்த்து வாங்குங்கள்.

என்னிடம் எட்டு இருக்கிறது. அடுத்த டூருக்கு இரவல் தருவேன். திருப்பித் தராதவர்கள் பெயர் இதே பக்கத்தில் வரும் ;-)