384 பேர் எங்கிருந்து வந்தார்கள்?

கல்வியியலில் அளவுசார் ஆய்வு என்று எங்கள் இதழுக்கு வரும் கட்டுரைகளின் முறையியல் பகுதியில் ஓர் எண் விடாமல் தலைகாட்டுகிறது: 384. தலைப்பு தேர்வு அச்சமோ, ஆசிரியர்களின் பணிநிறைவோ, கைப்பேசிப் பழக்கமோ, எதுவானாலும் மாதிரி 384 பேர்தான். கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வந்த எண் இது. முழுமைத்தொகுதி பத்து லட்சத்தைத் தொட்டால் 384. அதற்கு மேல் போனாலும் அதே 384. முந்தைய ஆய்வேட்டில் இருந்தது, நெறியாளரும் ஒப்புக்கொண்டார், வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கப் போவதில்லை. பிறகென்ன?

அட்டவணையில் பிழையில்லை. ஒரு விழுக்காட்டை 95 விழுக்காடு நம்பிக்கையுடன், 5 புள்ளி முன்பின்னாக மதிப்பிட வேண்டும். முழுமைத்தொகுதியின் பெயர்ப்பட்டியல் கையில் இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொருவரையும் தனித்தனியே குலுக்கி எடுக்கிறோம். இத்தனையும் பொருந்தினால் 384. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடப் போகிறவருக்கு இந்தக் கணக்கே உதவாது. வேறுபாடு திட்டவிலக்கத்தில் பாதி இருக்கும் என்று எதிர்பார்த்தால், 80 விழுக்காடு திறனுக்குக் குழுவுக்கு 64 பேர் போதும். ஐந்தில் ஒரு பங்குதான் என்றால் குழுவுக்கு ஏறக்குறைய 400 பேர் வேண்டும்.

களத்தில் நடப்பது வேறு. அனுமதிக் கடிதத்தோடு ஆய்வாளர் பன்னிரண்டு பள்ளிகளுக்குப் போகிறார். எந்த வகுப்புக்குப் பாடவேளை இல்லையோ அதைத் தலைமையாசிரியர் காட்டுகிறார். 32 பேர் படிவத்தை நிரப்பித் தருகிறார்கள். பன்னிரண்டு முறை 32, ஆக 384. கட்டுரையில் இது ‘எளிய சமவாய்ப்பு முறை’ என்று அச்சேறுகிறது. இதில் சமவாய்ப்பும் இல்லை, எளிமையும் இல்லை. இது கொத்து மாதிரி, அதுவும் கொத்துகள் குலுக்கி எடுக்கப்படாதது.

ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்கு ஆசிரியர் ஒருவர்தான், ஊரும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவரைக் கேட்டால் மற்றவரின் விடையில் ஒரு பகுதி ஏற்கெனவே தெரிந்துவிடுகிறது. கொத்துக்குள் ஒட்டுறவு 0.1 என்று வைத்தாலே வடிவமைப்பு விளைவு 1 + 31 × 0.1, அதாவது 4.1. 384-ஐ அதால் வகுத்தால் மிஞ்சுவது 94 பேருக்கான தகவல். 5 புள்ளி பிழை 10 ஆகிவிடுகிறது. கணிதத் தேர்ச்சி போன்றவற்றில் ஒட்டுறவு 0.2 இருப்பதும் வியப்பில்லை, அப்போது 53. அதே 384 பேரை 24 பள்ளிகளில் பதினாறு பதினாறாக எடுத்தால், ஒட்டுறவு 0.1-இல் 154 கிடைக்கும். படிவம் அதே எண்ணிக்கை, கூடுவது பேருந்துச் செலவு மட்டும். செலவழிக்க வேண்டிய இடமும் அதுதான்.

தடுப்பூசி ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த 30 × 7 முறையில் இந்தக் கணக்கு வெளிப்படையாகவே இருந்தது. 10 புள்ளி முன்பின்னாக மதிப்பிட எளிய சமவாய்ப்பில் 96 குழந்தைகள் போதும். கொத்து என்பதால் இரு மடங்காக்கி 192. முப்பது கொத்துகளுக்குப் பகிர்ந்தால் கொத்துக்கு ஏழு, மொத்தம் 210. அதன் ஓட்டை வேறிடத்தில் இருந்தது. ஊருக்குள் முதல் வீட்டைத் தேர்ந்துவிட்டு அடுத்தடுத்த வாசலுக்குப் போவதால் எந்த வீட்டுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்ல முடியவில்லை. 2018-ஆம் ஆண்டுக் கையேட்டில் அந்நிறுவனம், வீடுகளைப் பட்டியலிட்டு நிகழ்தகவு முறையில் எடுக்கும்படி மாற்றிக்கொண்டது.

சோதனை ஆய்வுகளில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பள்ளி சோதனைக் குழு, பக்கத்துப் பள்ளி கட்டுப்பாட்டுக் குழு. நாற்பதுக்கு நாற்பது, முடிவில் டி-சோதனை. புதிய கற்பித்தல் முறை ஒதுக்கப்பட்டது மாணவருக்கு அல்ல, பள்ளிக்கு. ஆகவே குழுவுக்கு ஒன்றுதான் எண்ணிக்கை. வேறுபாடு வந்தது முறையாலா, அந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியராலா என்பதை எந்தச் சோதனையாலும் பிரித்தறிய முடியாது. முன்தேர்வு மதிப்பெண்ணை வைத்து உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்தாலும் தீராது. ஒரே பள்ளியில் மாணவர்களைக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பது மேல், குழுக்களுக்குள் பாடம் கசியும் என்றாலும். முடிந்தால் எட்டுப் பத்துப் பள்ளிகளைச் சேர்த்துப் பள்ளி அளவிலேயே சீட்டுப் போடலாம்.

வசதி மாதிரியை நாங்கள் வெறுக்கவில்லை. முனைவர் பட்ட மாணவரின் கையில் இருக்கும் காலமும் காசும் தெரிந்ததே. கருவியின் நம்பகத்தன்மையைச் சோதிக்க அது தாராளமாகப் போதும். ஆனால் அதை வைத்து மாவட்டத்தில் இத்தனை விழுக்காடு என்று எழுதக்கூடாது. பழியில் பாதி எங்களுடையதுதான் என்பதையும் சொல்லவேண்டும்: ‘மாதிரி சிறியது’ என்று ஒற்றை வரியில் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் மதிப்பீட்டாளர்களே ஆய்வாளர்களை இந்த அட்டவணையின் பக்கம் விரட்டுகிறார்கள்.

அடுத்த இதழ் முதல், முறையியல் பகுதியில் மாணவர் எண்ணிக்கைக்கு முன் பள்ளிகளின் எண்ணிக்கை வரவேண்டும். பட்டியலை யார் தந்தார்கள், எத்தனை பள்ளிகள் மறுத்தன, வகுப்பை யார் தேர்ந்தெடுத்தார் என்பதையும் எழுதுங்கள். தலைமையாசிரியர்தான் காட்டினார் என்றால் அப்படியே எழுதலாம். அதற்காகக் கட்டுரை திரும்பாது.