காப்பை அடகு வைத்து மலேசியா போக வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. முதல் தடவையாக வெளிநாடு போக யோசிப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

என்னோடு படிப்பிக்கும் ஒரு ராத்தா போன வருடம் மலேசியா போய் வந்தார். இரண்டு காப்பை அடகு வைத்துத்தான் போனார். நான்கு நாள் பக்கேஜ். வந்ததிலும் போனதிலும் ஒரு நாள் முடிந்தது. அரை நாள் சொக்லட் கடை, இன்னொரு அரை நாள் வேறு கடைகள். மஸ்ஜித் ஜாமிக் பள்ளியை பஸ் ஜன்னலால் பார்த்தாராம், இறங்கி இரண்டு ரக்அத் தொழ நேரம் கொடுக்கவில்லை. பயணம் முடிந்து ஒரு வருடமாகிறது, இன்னும் வட்டி கட்டுகிறார்.

நம் ஊரில் கடல் கடந்த பயணம் என்றால் இரண்டுதான். உழைக்கப் போவது, உம்ராவுக்குப் போவது. சும்மா பார்த்து வரப் போவது பணக்காரர் வேலை என்று விட்டுவிட்டோம். அதனால் ஆசை வந்ததும் விலை கேட்கக்கூடத் தெரியாமல் ஏஜென்சியில் போய் உட்காருகிறோம். என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: மலேசியா போக ஏஜென்சியும் தேவையில்லை, அடகும் தேவையில்லை. கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் சீட்டுப் பிடிக்கிறோமே, அதுபோல ஒரு வருடச் சேமிப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் திகதி. நாம் எல்லோரும் விடும் பிழை இதில்தான். நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட லீவு நோன்பில் வருகிறது. நோன்பில் யார் பயணம் போவார்? பெருநாள் முடிந்த கையோடு போகலாம் என்று எல்லோரும் ஒரே கிழமையில் டிக்கட் தேடுகிறோம். மலேசியாவிலும் அதே கிழமை பெருநாள்தான். கோலாலம்பூர்காரர்கள் சொந்தக் கிராமங்களுக்குப் போய்விடுவார்கள். கடைகள் பல பூட்டு, பஸ், ரயில் எல்லாம் நிரம்பி வழியும். கூடுதல் காசு கொடுத்து வெறிச்சோடிய நகரத்தைப் பார்த்துவிட்டு வருவோம். அடுத்த தவணை லீவுக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே டிக்கட் பாருங்கள், செவ்வாய், புதன் போன்ற நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். அரச ஆசிரியர்களுக்கு இன்னொன்று: லீவு நாளில் போனாலும் வெளிநாட்டு விடுமுறைக்கு அனுமதி எடுக்கத்தான் வேண்டும். அந்தக் கடிதம் அதிபரிடமிருந்து வலயத்துக்குப் போய்த் திரும்பி வர நாளெடுக்கும்.

மலிவு விமானங்களின் டிக்கட் விலையைப் பார்த்து உடனே துள்ளக் கூடாது. அது பெரும்பாலும் கையில் கொண்டுபோகும் ஏழு கிலோ பையோடு மட்டும் உள்ள விலை. பெட்டி வேண்டுமென்றால் டிக்கட் எடுக்கும்போதே காசு கட்டுங்கள். கவுண்டரில் போய்க் கட்டினால் வயிறு எரியும். நாலு நாளைக்கு ஏழு கிலோ தாராளம், ஆனால் என் மனைவியை அதற்குச் சம்மதிக்க வைக்க இரண்டு கிழமை போனது.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மலேசிய விசா வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்கட்டும். அறை பதிவு கேட்பார்கள், கட்டணமில்லாமல் ரத்துச் செய்யக்கூடிய அறையைப் போடுங்கள். போவதற்கு முன் மூன்று நாளைக்குள் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். அதே மாதிரித் தோற்றத்தில் காசு கேட்கும் போலித் தளங்களும் இருக்கின்றன, முகவரியைப் பார்த்துத் திறவுங்கள்.

அங்கே இறங்கியதும் கேஎல்ஐஏ விரைவு ரயில் 55 ரிங்கிட். அதே கேஎல் சென்ட்ரலுக்கு பஸ்ஸில் அதன் மூன்றிலொரு பங்கு காசில் போகலாம், ஒரு மணித்தியாலம் எடுக்கும். நான்கு பேரென்றால் இந்த வித்தியாசத்திலேயே இரண்டு நேரச் சாப்பாடு முடியும். அறையை மஸ்ஜித் இந்தியா பக்கம் எடுங்கள். ஹலால் தேடி அலையத் தேவையில்லை. 1909இல் கட்டிய மஸ்ஜித் ஜாமிக், இரண்டு ஆறு சேரும் இடத்தில், நடந்துபோகும் தூரம்தான். மலாக்காவுக்கு பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம், காலையில் போய் இரவுக்குத் திரும்பலாம்.

பாஷை தெரியாதே என்று பயந்தவர் எங்கள் உம்மா. மஸ்ஜித் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டதும் பயம் போய்விட்டது. அவருடைய ஊர், பிள்ளைகள் எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் எழும்பினார். பக்கேஜில் போயிருந்தால் கைடு கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார், உம்மா பின்னால் ஓடியிருப்பார்.

ஏஜென்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் உம்ராவுக்கும், நடக்க ஏலாத வயதானவர்களைத் தனியே அனுப்புவதற்கும் நல்ல ஏஜென்சி தேவை. அப்போதும் எழுத்தில் கேளுங்கள்: எந்த விமானம், எந்த அறை, விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று. எழுதித் தர மறுத்தால் எழும்பி வாருங்கள்.

பயணத்தோடு சேர்த்து "அங்கே வேலையும் பார்த்துத் தருகிறேன்" என்று எவராவது சொன்னால் மட்டும் ஒரு நிமிடமும் உட்கார வேண்டாம். சுற்றுலா விசாவில் தாய்லாந்து போய், மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட நமது நாட்டுப் பிள்ளைகளின் கதை எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கும் முதலில் ஒரு டிக்கட்தான் கொடுத்தார்கள்.

ராத்தா இந்தப் பதிவை வாசிப்பார் என்று தெரியும், அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன். காப்பு மீண்ட பிறகு மகளோடு மறுபடி போகப் போகிறாராம், இந்த முறை தானே டிக்கட் பார்க்கிறாராம். வேறு யாருக்காவது விண்ணப்பம் நிரப்பப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். காசு வேண்டாம், கடவுச்சீட்டை மட்டும் கொண்டு வாருங்கள்.