வர்த்தகச் சட்டமும் வேலை விண்ணப்பமும்

சட்டப் படிப்பு முடித்த நமது இளைஞர்கள் சென்னையிலும் மும்பையிலும் உள்ள பெரிய சட்ட ஸ்தாபனங்களுக்கு வேலை கேட்டு விண்ணப்பம் போடுகின்றார்கள். அங்கு அவர்களை எதிர்கொள்ளும் கேள்வி, "வர்த்தகச் சட்டத்தில் உமக்கு விருப்பம் ஏன்?" என்பதாகும். பாட்டனார் காலம் முதல் வக்கீல் தொழில் நடத்திவந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதற்குப் பதில் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருக்கின்றது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைக்கோ அப்படி ஒருவரும் இல்லை. ஆகவே, எவரோ எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்து அதிலுள்ள சொற்களையே கடன் வாங்கி எழுதி விடுகின்றார்கள்.

அந்தக் கடன் சொற்கள்தான் யாவை? "சிறு வயது முதலே வர்த்தகச் சட்டத்தில் எனக்குத் தீராத ஆசை" என்பது ஒன்று. தோழர்களே! 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்மீது பத்து வயதுப் பிள்ளைக்கு ஆசை எங்கிருந்து வந்தது? பூர்வ ஜென்ம வாசனையா? "தங்கள் ஸ்தாபனம் உலகப் பிரசித்தி பெற்றது" என்பது மற்றொன்று. இதற்கு விண்ணப்பம் என்று பெயரா, ஸ்தோத்திரம் என்று பெயரா? சாமியின் பெயரை மாற்றினால் அடுத்த கோவிலுக்கும் அதே பாட்டுப் பொருந்திவிடும். ஸ்தாபனத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் பொருந்துகின்ற வாக்கியத்தால் காகிதம்தான் நஷ்டம்.

நிற்க, வர்த்தகச் சட்டம் யாருடைய வீட்டுச் சொத்து? தறிக்காரரிடம் துணி வாங்கிய வியாபாரி பணத்தை ஆறு மாதம் இழுத்தடிப்பதும், மளிகைக் கடைக்காரருக்குக் கொடுத்த செக் பணமின்றித் திரும்புவதும், கூட்டு வியாபாரத்தில் பங்காளி கணக்குக் காட்ட மறுப்பதும் வர்த்தகச் சட்ட சங்கதிகளே அல்லவா? பதிவு செய்துகொண்ட குறு, சிறு தொழில்காரரிடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் பாங்கு அறிவிக்கும் பாங்கு விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கொடுக்க வேண்டும் என்றும் 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. இதைப் படித்த தறிக்காரர் மகள், "எங்கள் பாக்கி வசூலாகாமல் நின்றதைக் கண்டேன், சட்டத்தைப் படித்தேன், முதலிலேயே ஒப்பந்தம் சரியாக எழுதப்பட்டிருந்தால் தகராறே வந்திராது என்று உணர்ந்தேன், அவ்வேலையைக் கற்க விரும்புகிறேன்" என்று எழுதினால், அதைவிட நேர்மையான காரணம் வேறு என்ன வேண்டும்?

பெரிய கம்பெனிகளுக்கும் பாங்குகளுக்கும் வேலை செய்கின்ற இடத்தில் தறிக்காரர் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். தொகைதான் வேறு, யார், எதை, எப்போது கொடுப்பது, தவறினால் என்ன செய்வது என்ற கேள்வி ஒன்றே. ஒரு சிறு பாக்கியின் சங்கடத்தை அறிந்தவருக்கு 2016-ஆம் வருஷத்துத் திவால் சட்டம் விளங்காமற் போகாது. ஆனால், "ஏழைகளுக்கு நீதி தேடவே இங்கு வருகின்றேன்" என்று மாத்திரம் எழுத வேண்டாம். "அப்படியானால் இங்கு ஏன் வந்தீர்?" என்ற அடுத்த கேள்விக்கு வாய் அடைத்துப் போகும்.

விருப்பம் என்று சொன்னால் மட்டும் போதாது, ருசு வேண்டும். சட்ட மாணவர் எல்லோரும் படிக்கின்ற கார்லில் அம்மையார் வழக்கையே எடுத்துக்கொள்ளுவோம். புகை உருண்டை ஒன்றை முறைப்படி உபயோகித்தும் இன்புளுயன்ஸா வந்தவர்க்கு 100 பவுன் தருவதாக லண்டன் கம்பெனி ஒன்று விளம்பரம் செய்தது. அம்மையாருக்குக் காய்ச்சல் வந்ததும், அது வெறும் விளம்பரப் பேச்சு என்று தப்பப் பார்த்தது. 1892-இல் அப்பீல் கோர்ட்டார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1,000 பவுன் பாங்கில் கட்டியிருப்பதாக விளம்பரத்திலேயே சொல்லியிருந்ததை, மனப்பூர்வமாய்ச் சொன்ன வாக்கு என்பதற்கு அடையாளமாகக் கொண்டார்கள். விண்ணப்பம் போடுகின்றவரும் தமது வார்த்தைக்கு ஈடாக எதைக் கட்டியிருக்கின்றார்? எந்தச் சட்டத்தைப் படித்தார், எந்த வக்கீலிடம் என்ன வேலை பழகினார், அதில் எதைக் கண்டார், அந்த ஸ்தாபனம் செய்யும் எந்த வேலை அதோடு பொருந்துகின்றது என்று நான்கு வாக்கியம் எழுதட்டும். அதுவே அவருடைய டெப்பாசிட்டு.

ஸ்தாபனத்தாருக்கும் ஒன்று சொல்லுவோம். இங்கிலீஷ் நடையின் மினுக்கையும் தகப்பனார் பெயரையும் பார்த்து ஆள் எடுப்பவர், காரணம் கேட்கும் வேஷம் போடுவானேன்?

சம்பளம் தருபவரும் உழைப்பைத் தருபவரும் செய்துகொள்ளுவது ஒப்பந்தமே. ஒப்பந்தம் செய்ய வருகின்றவர் கைகட்டித் துதி பாட வேண்டிய அவசியமில்லை. தமது காரணத்தைத் தமது சொல்லிலேயே சொன்னால் போதும் என்பதே நமது அபிப்பிராயம்.